குட்டியின் தாய் எங்கே?

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாய்க்குட்டிக்கு விலை கிடையாது. அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடவும் மாட்டார்கள். குட்டி வேண்டுமென்று வருகிறவர் ஒரு டின் பால் கொண்டுவர வேண்டும். இது என் அப்பாயி, அப்பாவின் அம்மா, வைத்த சட்டம். அந்தப் பால் ஈன்ற தாய்க்கு. வந்தவரே டின்னை உடைத்து, வெந்நீரில் கரைத்து, தாயின் சட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது தாய் உறுமுகிறதா, வாலை ஆட்டுகிறதா, அந்த ஆள் பயந்து கையை இழுக்கிறாரா என்று அப்பாயி அடுப்படி வாசலில் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருப்பார்.

அதற்கப்புறம்தான் கேள்விகள் தொடங்கும். "கட்டிப் போடுவியா, அவுத்து விடுவியா?" "நீ விடியக்காலம் பெரட்டுக்குப் போயிட்டா யாருய்யா சோறு வைப்பா?" "பொட்டக்குட்டியா இருக்குன்னு கொண்டுபோயிக் காட்டுல விட்டுர மாட்டியே?" பதில் பிடிக்காவிட்டால் டின் பாலுக்குப் பதில் வேறு டின் பால் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் உண்டு. பிடித்துப்போனால் ஒரு சாக்கு கொண்டுவரச் சொல்வார். அந்தச் சாக்கு ஓர் இரவு தாயின் அடியில் கிடக்கும். மறுநாள்தான் குட்டி.

"தாயப் பாக்காம குட்டி எடுக்கறது பொண்ணு பாக்காம தாலி கட்டுற மாதிரி" என்பார்.

இது 1960களில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது. நான் 1956-ல் அங்கே பிறந்தவள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இப்போது தானா ராத்தாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அப்பாயியின் கேள்விகளை அறுபது வருடம் கழித்து மறுபடி ஒருவர் வாயால் கேட்டேன். சிலாங்கூரில் லேப்ரடூடில் நாய்கள் வளர்க்கும் ஒரு பெண்மணி, நான் குட்டி கேட்டதற்கு, தொலைபேசியில், முக்கால் மணி நேரம் என்னை விசாரித்தார். வேலி எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்குமுன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது, பேத்தி மேற்படிப்புக்குப் போய்விட்டால் நாயை யார் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த மலையில் நாயும் நாங்களும் வந்து சேர்ந்த கதையை எழுதி வைக்க வேண்டும் என்று அன்று ராத்திரிதான் தோன்றியது.

நாங்கள் வருவதற்கு முன்பே இங்கே நாய் இருந்தது. வில்லியம் கேமரன் 1885-ல் இந்த மலையை அளக்க வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்னதாக ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்கள் இந்தக் காட்டில் நாயோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கால் நட்டு உயர்த்திய மூங்கில் வீடு, ஏறி இறங்க ஏணி. அவர்களுடைய நாய்கள் அந்த ஏணியில் தாமாகவே ஏறும். சின்ன உடம்பு, குட்டை முடி, நெற்றியில் சுருக்கம். மரவள்ளிக் கிழங்கும் பழமும் மீனும், மனிதர் என்ன தின்றார்களோ அதையே தின்று வளர்ந்தவை.

1963-ல் ஆர்வில் எலியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தெலோம் ஆற்றங்கரையில் இந்த நாய்களைப் பார்த்து, ஒரு ஜோடியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆற்றின் பெயரால் அந்த இனத்துக்கு 'தெலோமியன்' என்று பெயர் வைத்தார்கள். மலேசியாவுக்கு வெளியே அறியப்பட்ட ஒரே மலேசிய நாயினம் அதுதான். தெலோம் எங்கள் மலையில் ஓடும் ஆறு. பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். ஒரு பாடப்புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அந்த ஜோடி யாரிடம் போனது என்பதைத் தெரிந்துகொண்டபோது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம். அங்கே ஜே.பி. ஸ்காட் என்பவர் ஜான் ஃபுல்லருடன் சேர்ந்து பல வருடங்களாக நாய்க்குட்டிகளைப் பிறந்த நாள் முதல் கவனித்து எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து இன நாய்கள், நூற்றுக்கணக்கான குட்டிகள். 1965-ல் அவர்களுடைய புத்தகம் வந்தது. குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் அது உலகத்தோடு உறவு பழகும் பருவம். அந்தப் பருவத்தின் முன்பாதியில் தாயும் உடன்பிறப்பும் தேவை, பின்பாதியில் மனிதர் தேவை. நல்ல முறையில் நாய் வளர்த்துக் கொடுப்பவர்கள் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கை மாற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு அடிப்படை போட்டவர்களில் அந்த மனிதர் முக்கியமானவர். எங்கள் ஆற்றங்கரை நாய் அவர் கூடத்தில் போய்க் குட்டி போட்டது.

அப்பாயிக்கு வாரக் கணக்கு தெரியாது. "குட்டி தாயோட சட்டியில தானா நக்கிக் குடிச்சு, ரெண்டு அமாவாச தாண்டணும்" என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய அதே நாள்தான் வருகிறது.

இனி பங்களாக் கதை. 1925-ல் ஆங்கில அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் இந்த மலைக்கு வந்து பார்த்து, இதை மேம்படுத்தலாம் என்று சொன்னதிலிருந்து வேலை சூடு பிடித்தது. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பார்த்த ஏ.பி. மில்னுடன் சேர்ந்து 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைப்பாதை வந்தது. 1933-ல் பாரத் தேயிலை. காட்டை வெட்டியதும் செடி நட்டதும் கொழுந்து கிள்ளியதும் எங்கள் ஆட்கள். என் தாத்தா துறையூர்ப் பக்கம். 1936-ல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, அப்பாயியும் ஆறு வயதுப் பையனான என் அப்பாவும் கூட வர, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தார். இரண்டே வருடம் தள்ளியிருந்தால் வந்திருக்க முடியாது. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

அப்பா வளர்ந்து, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டக்காரர் ஆனார். பூச்செடியோடு துரையின் நாய்களும் அவர் பொறுப்பு. இரண்டு ஸ்பானியல், பிறகு ஒரு கறுப்பு லேப்ரடார். மழைக்குப் பின் துரையோடு தேயிலை மலை சுற்றி வந்தால் விரலிடுக்கில், காது மடலுக்குள், தொடைச் சந்தில் அட்டை ஏறியிருக்கும். அப்பா பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நாயைத் தொடை மேல் சாய்த்து, துணிப்பந்தைப் புகையிலைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு அட்டையாகத் தொடுவார். அது சுருண்டு உதிரும். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் புண்ணாகும். பிறகு காதை மடித்து மோந்து பார்ப்பார். புளித்த வாடை வந்தால் காதில் சீழ். இந்த மோந்து பார்க்கிற பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இன்றைக்கும் எந்த நாயைக் கண்டாலும் முதலில் காதைத்தான் மோந்து பார்க்கிறேன்.

லேப்ரடார் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அதனோடு ஒரு தாள் வந்தது. அப்பா அதைச் 'சாதிச் சீட்டு' என்பார். நாயின் அப்பன் அம்மா, அவற்றின் அப்பன் அம்மா, அதற்கும் மேலே ஒரு தலைமுறை: மொத்தம் 14 பெயர். துரை ஒருநாள் அதை விரித்துக் காட்டியதாக அப்பா சொல்வார். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், என் தாத்தாவுக்கு இருந்தது ஒரு பெயரும் ஒரு நம்பரும்தான். அவருடைய அப்பா பெயரும் அதற்கு மேலே உள்ள பெயர்களும் அப்பாயியின் வாயில் மட்டும் இருந்தன. அவர் போனதோடு பாதி போய்விட்டன. இதை எழுதும்போது எனக்கு அந்த நாய் மேல் வருத்தம் இல்லை. அதன் வம்சத்தை ஒருவர் மதித்து எழுதி வைத்தார், அது நல்ல காரியம். எங்களுக்கும் அப்படி எழுதி வைத்திருக்கலாம் என்கிற ஆற்றாமைதான்.

1948-ல், கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான யுத்தத்தோடு, மலாயாவில் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி அடித்தார்கள். ராத்திரி நாய் குரைத்தால் மூச்சை அடக்கிப் படுத்திருப்போம் என்று அம்மா சொல்வார். அந்த யுத்தத்தில் நாய்களும் வேலை பார்த்தன. காட்டில் ஆள் தடம் பிடிக்க லேப்ரடாரைப் பழக்கினார்கள். சத்தமே போடாமல் தரையை மோந்தபடி போகும். அல்சேஷன்களும் இருந்தன. அவற்றில் ஒன்றான 'லக்கி', 1949 முதல் 1952 வரை பிரிட்டிஷ் விமானப்படைப் போலீசாருடன் மலாயாக் காட்டில் தடம் பிடித்தது. கூட வேலை பார்த்த பாபி, ஜாஸ்பர், லாசி மூன்றும் செத்துப்போக, அது ஒன்றுதான் மிஞ்சியது. 2007-ல், அது செத்து எத்தனையோ வருடம் கழித்து, பிராணிகளுக்கான டிக்கின் பதக்கத்தை அதன் பெயருக்குக் கொடுத்தார்கள்.

1952-ல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி பரவியது. நாடு முழுக்கக் கட்டாய ஊசி. ஊசி போடாத தெருநாய்களைக் கொன்றார்கள். இரண்டு வருடத்தில் நோய் அடங்கியது. 1955-ல் சயாம் எல்லை நெடுக நாய்களுக்கு ஊசி போட்டு ஒரு தடுப்பு அரண் கட்டினார்கள். கடுமையான வேலைதான், ஆனால் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் தீபகற்பத்துப் பிள்ளைகள் நாய்க்கடிக்குப் பயந்து சாகவில்லை. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது திரும்ப வந்தபோது, ஊசி போட்ட அட்டையின் அருமை என்ன என்று இளசுகளுக்கும் தெரிந்தது.

எங்கள் துரை 1964-ல் ஊருக்குத் திரும்பினார். அந்தக் காலத்தில் பிரிட்டனுக்குள் நாய் கொண்டுபோனால் ஆறு மாதம் தனிக்கூண்டில் அடைத்து வைப்பார்கள். அந்த லேப்ரடாருக்கு வயதாகிவிட்டது, தாங்காது என்று துரை அப்பாவிடம் விட்டுப் போனார். அது பொட்டை. பங்களாப் படுக்கையை விட்டு லயத்து அடுப்படிக்கு வந்த நாய் இரண்டு நாள் சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் அப்பாயி கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தார். அப்புறம் சட்டியைத் தள்ளிக்கொண்டே வாசல்வரை வந்து நக்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வயதிலும் ஒரு ஈத்து போட்டது. தகப்பன் லயத்து நாட்டு நாய். நாலு குட்டி. லயமே 'பங்களாக் குட்டி' என்று பேசிக்கொண்டது. அடுத்த தோட்டத்திலிருந்து ஒரு மண்டோர் (மேஸ்திரி), சந்தையில் காய்கறி விற்கும் சீனர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என்று டின் பாலோடு வந்தார்கள். ஒருவர் பத்து வெள்ளி நீட்டினார். அப்பாயி நோட்டைத் தொடவில்லை. "காசு குடுத்தா எம்மேல பேச்சு இல்லாமப் போயிரும். நாளைக்கு நீ அத அடிச்சா நான் வந்து கேக்கணுமில்ல?" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குட்டியைக் கொடுத்த பின்னும் பொறுப்பு தன்னிடமே இருக்க வேண்டும் என்றுதான் அவர் காசை மறுத்தார். இன்றைக்கு நல்ல வளர்ப்பாளர்கள் ஒப்பந்தத்தில், வளர்க்க முடியாமல் போனால் எத்தனை வயதானாலும் நாயை எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

1969-க்குப் பின் பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். என் சித்தப்பா குடும்பமும் ரஜூலாவில்தான் போனது. அவருடைய பங்களாக் குட்டி, பெயர் ராஜா, லாரி போன பாதையில் ரிங்லெட் வரை ஓடி, இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. அதற்கு எங்கே வரவேண்டும் என்று தெரிந்திருந்தது. தாய் இருந்த இடம் அது.

தோட்டத்தில் எங்கள் ஆட்கள் குறைந்தார்கள். பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள். இன்று கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாள, இந்தோனேசிய ஆட்கள். லயத்தோடு குட்டி கொடுத்து வாங்கும் வழக்கமும் போனது. நாய் வேண்டுமென்றால் கடைக்குப் போ என்று ஆனது.

நானும் கடைக்குப் போனேன். 1997. கீழே ஒரு பட்டணத்துக் கடை. கண்ணாடிப் பெட்டியில் காகிதத் துணுக்குமேல் ஆறு குட்டி. என் மகன் ஒன்றைக் காட்டினான். தாய் எங்கே என்று கேட்டேன். "பண்ணையில" என்றார் கடைக்காரர். எந்தப் பண்ணை என்று கேட்டேன், சிரித்தார். அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். அப்பாயி வளர்த்த பெண் நான், பிள்ளை முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டேன். மலை ஏறி வந்த மூன்றாம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. பிறகு ரத்தமாகப் போனது. பார்வோ என்றார் மருத்துவர். 1978-ல்தான் உலகம் முழுக்க அந்த வைரஸ் பரவியது; என் பால்ய காலத்தில் அப்படி ஒரு நோயே கிடையாது. தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பாலில் குட்டிக்குக் கொஞ்சம் காப்பு கிடைக்கும். அந்தக் காப்பு கரையும் நேரம் பார்த்துக் குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை தவணை தவணையாக ஊசி போட வேண்டும். அந்தத் தாய்க்கு என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆறாம் நாள் விடியற்காலை என் மடியிலேயே போனது. அதன் உடம்பு ஒரு தேயிலைக் கூடையின் அடியில் அடங்கும் அளவுதான். மகன் அதற்குப்பின் நாயே வேண்டாம் என்றிருந்தான்.

இப்போது அவன் மகள் கேட்கிறாள். மருமகளுக்கோ நாய் முடி பட்டால் தும்மலும் கண் அரிப்பும். யாரோ லேப்ரடூடில் வாங்குங்கள், ஒவ்வாமை வராது என்றார்கள். அது என்ன நாய் என்று தேடிப் படித்தேன்.

கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் வளர்க்கும் விக்டோரியா மாநிலச் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் குட்டி வளர்ப்புப் பொறுப்பாளர். ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண் எழுதினார்: வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. கான்ரன் முடி உதிராத பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். மூன்று வருடம், 33 நாய், ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. பிறகு லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். 1989-ல் மூன்று குட்டி. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், ஒன்று மட்டும் அந்தக் கணவருக்கு ஒத்துப்போனது. 'சுல்தான்' என்ற அந்தக் குட்டி பழகி வளர்ந்து அந்தப் பெண்ணிடம் போனது. பழக்குவதற்கு முன் மூன்று குட்டிகளையும் வீட்டில் வைத்து வளர்க்க ஆள் கிடைக்கவில்லை. கலப்பு நாய் யாருக்கு வேண்டும்? அப்போதுதான் கான்ரன் அவற்றுக்கு லேப்ரடூடில் என்று ஒரு பெயரைக் கொடுத்துப் பத்திரிகைக்குச் சொன்னார். ஆட்கள் வரிசை கட்டினார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே இருந்ததுதான். வேகப்படகு ஓட்டிய டொனால்ட் கேம்பல் 1955-லேயே தன் நாயைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியிருக்கிறார்.

பெயர் பிரபலமானதும் கண்டவர்களும் எந்தச் சோதனையும் இல்லாமல் இரண்டு நாயைச் சேர்த்துக் குட்டி விற்கத் தொடங்கினார்கள். கான்ரன் முதுமையில், 2019-ல், வானொலியில் பேசும்போது இதற்காக மனம் வருந்தினார். அவர் வருந்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவர் ஒரு பெண்ணுக்காக ஒவ்வொரு குட்டியையும் சோதித்தார். பின்னால் வந்தவர்கள் அந்தச் சோதனையைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வாமை வரவே வராத நாய் என்று ஒன்று கிடையாது. முடியைவிட எச்சிலிலும் தோல் பொருக்கிலும் இருக்கும் புரதம்தான் தொந்தரவு. 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் லேப்ரடூடில், பூடில் உள்ளிட்ட நாய்களையும் அவை வாழும் வீடுகளையும் அளந்து பார்த்தார்கள். லேப்ரடூடில் வீடுகளின் தரைத் தூசியில் அந்தப் புரதம் குறைவு. ஆனால் காற்றில் வித்தியாசமில்லை. ஒவ்வாமை தராது என்று பெயர் வாங்கிய நாய்களின் முடியில் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. இன்னொன்று, முதல் தலைமுறைக் கலப்பில் எந்தக் குட்டிக்கு எப்படி முடி வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

சிலாங்கூர்ப் பெண்மணி இதை மறைக்கவில்லை. "உங்க மருமக முதல்ல ரெண்டு தடவை வந்து என் பெரிய நாய்களோட ஒரு மணி நேரம் உக்காரட்டும்மா. அவங்களுக்கு ஒத்துக்கலைன்னா நான் குட்டி தரமாட்டேன்" என்றார். மருமகள் போனாள். முதல் தடவை இரண்டு தும்மல். இரண்டாவது தடவை, கையில் நக்கவிட்டும் கண் சிவக்கவில்லை. அப்புறம்தான் எங்கள் பெயரை அவர் எழுதிக்கொண்டார். குட்டி பிறக்கவே அதற்கப்புறம் ஐந்து மாதம்.

நானும் என் கேள்விகளோடு போனேன். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே கேட்டேன். லேப்ரடாருக்கும் பெரிய பூடிலுக்கும் இடுப்புக் கிண்ணத்தில் எலும்பு சரியாக உட்காராத கோளாறு பரம்பரையாக வரும். தாய் தகப்பன் இரண்டும் வளர்ந்து முடித்த பின் படம் எடுத்து நிபுணர் பார்த்திருக்க வேண்டும். எடுத்துக் காட்டினார். கண் சோதனை கேட்டேன். விழித்திரை தேய்ந்து குருடாகும் ஒரு நோய் இருக்கிறது. அதே பழுதுபட்ட மரபணு இரண்டு இனத்திலும் உண்டு. ஆகவே கலப்பு என்றால் நோய் வராது என்பது பொய். தாயும் தகப்பனும் வெளியே நன்றாக இருந்தாலும் இரண்டும் அதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ரத்தச் சோதனைத் தாளையும் காட்டினார். எஃப்.சி.ஐ. என்ற நாயினங்களுக்கான உலகக் கூட்டமைப்பு லேப்ரடூடிலைத் தனி இனமாக ஏற்கவில்லை. அதனால் சாதிச் சீட்டு கிடைக்காது என்று அவரே சொன்னார். மிருகநலச் சட்டம் 2015-ல் நிறைவேறி 2017 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபின் நாய் வளர்த்து விற்க லைசென்ஸ் வேண்டும். அதைச் சுவரில் மாட்டியிருந்தார். அந்தச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதம் குறைந்தது 20,000 ரிங்கிட், சிறை மூன்று வருடம் வரை. சட்டம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளும் இன்னும் இருக்கின்றன.

எல்லாத் தாளையும் பார்த்து முடித்து, "தாய் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். வெல்ல நிறத்தில், சுருள்முடித் தாய். மார்பு தொங்கி, குட்டிகள் மொய்த்து, களைத்துப் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து முழங்காலில் மூக்கை வைத்து அழுத்தியது. காதை மடித்து மோந்து பார்த்தேன். நல்ல வாடைதான். இதுதான் இதற்கு இரண்டாவது ஈத்து, இனி ஒன்று போதும், பிறகு கருத்தடை செய்து வீட்டு நாயாக வைத்துக்கொள்வேன் என்றார் அந்த அம்மாள்.

பையிலிருந்து டின் பாலை எடுத்தேன். எதற்கு என்று விழித்தார். அப்பாயி கதையைச் சொன்னேன். வளர்ந்த நாய்க்கு அந்தப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு போகும் என்று தயங்கியவர், உள்ளே போய் வேகவைத்த கோழிக்கறியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வையுங்கம்மா." வைத்தேன். அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன். டின் பாலில் எங்களுக்கு டீ போட்டார்.

எட்டு வாரமும் நாலு நாளும் ஆனபின் குட்டியை எடுக்கப் போனோம். ஊசி அட்டை, பூச்சிமருந்து கொடுத்த தேதிகள், சிப் நம்பர், ஒப்பந்தம். கூடவே ஒரு பழைய துவாலை. மூன்று நாளாகத் தாயின் படுக்கையில் கிடந்தது, துவைத்துவிடாதீர்கள் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பேத்தி மடியில் அதை விரித்துக் குட்டியை வைத்தாள். தாப்பா வழியாக ஏறினோம். லாத்தா இஸ்கண்டர் அருவி தாண்டிய வளைவில் குட்டி ஒருமுறை வாந்தி எடுத்தது. மகனின் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை ஓரம் நிறுத்தி, ஈறைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. வளைவுதான் காரணம், ஓட்டு என்றேன். ரிங்லெட் வந்தபோது பனி இறங்கியிருந்தது. குட்டி துவாலையின் ஓரத்தை வாயில் கவ்வி, மூக்கை அதற்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.